அப்பாவுக்கு ஊசிச் சோதனை: எவ்வளவு செலவாகும்?

நம் தோட்டப்புறங்களில் பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயைப் பற்றியும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைப் பற்றியும் இப்போது ஓரளவு பேசத் தொடங்கியிருக்கிறோம். கோயில் மண்டபத்தில் மருத்துவ முகாம் நடந்தால் தாய்மார்கள் வரிசையாக வந்து உட்காருகிறார்கள். ஆண்களோ வெளியே நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். "எனக்கென்ன வியாதி? கல்லு மாதிரி இருக்கிறேன்!" என்பார்கள். இரவில் நான்கு முறை எழுந்து சிறுநீர் கழிக்கப் போவதைப் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியிடம்கூடச் சொல்லமாட்டார்கள்.

இப்படிப்பட்ட ஒருவர் ஒருநாள் கிளினிக்குக்குப் போகிறார். இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். "புரோஸ்டேட்டில் சந்தேகம் இருக்கிறது. ஸ்கேன் எடுக்க வேண்டும். பிறகு ஊசியால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும்" என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். அன்று அந்த வீட்டுக்குள் இரண்டு பயங்கள் ஒன்றாக நுழைகின்றன. நோய் என்னவாக இருக்குமோ என்பது ஒன்று. பணத்துக்கு எங்கே போவது என்பது மற்றொன்று.

தோட்டப் பள்ளி ஆசிரியர் என்றால் ஆஸ்பத்திரிக் கடிதம் படித்துச் சொல்வதும் அவர் வேலைதான். "வாத்தியாரே, இதில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்டு வருகிறவர்களில் அண்மைக் காலமாக இந்தச் சோதனைக்கான கடிதத்தோடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு டாக்டர்களிடமும் நம் டிரெசரிடமும் கேட்டும், படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

புரோஸ்டேட் என்பது என்ன?

ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி இது. மூத்திரப் பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கிறது. சிறுநீர்க் குழாய் இதன் நடுவே புகுந்து வருகிறது. விந்தோடு சேரும் நீரில் ஒரு பகுதியை இது சுரக்கிறது.

வயது ஏற ஏற இந்தச் சுரப்பி பெருப்பது சகஜம். அப்போது குழாய் நெருக்கப்பட்டு, சிறுநீர் மெல்லிய நூலாக வருகிறது. இரவில் அடிக்கடி எழ வேண்டியிருக்கிறது. இது வெறும் வீக்கம், புற்றுநோய் ஆகாது. புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளி ஓரத்தில் தொடங்குகிறது. அதனால் ஆரம்பத்தில் குழாயை நெருக்குவதில்லை, ஒரு தொல்லையும் தெரிவதில்லை.

செம்பனையில் அடித்தண்டு அழுகல் நோயை நம்மவர்கள் அறிவார்கள். மேலே மட்டை பச்சையாக நிற்கும். மட்டை காய்ந்து தொங்கும்போது உள்ளே தண்டு பாதி அழுகிப்போயிருக்கும். இந்த நோயும் அப்படித்தான். மலேசியாவில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில், 2012 முதல் 2016 வரையிலான தேசியப் பதிவேட்டின்படி, இது மூன்றாம் இடத்தில் இருக்கிறது. நோய் எலும்புக்குப் பரவிய பிறகு வருகிறவர்கள் பலர்.

இரத்தக் கணக்கு உயர்ந்தால்

பி.எஸ்.ஏ. என்ற ஒரு பொருளைப் புரோஸ்டேட் சுரக்கிறது. இரத்தத்தில் அதன் அளவு 4-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. ஆனால் அளவு உயர்ந்ததாலேயே புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கணக்கு உயர்ந்த 4 பேரில் ஏறத்தாழ 3 பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. சுரப்பி பெருத்திருந்தாலும், சிறுநீரில் கிருமி சேர்ந்திருந்தாலும், சிறுநீர்க் குழாய் போட்டிருந்தாலும் கணக்கு ஏறும். நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டிய பிறகும், மனைவியோடு கூடிய மறுநாளும் சற்றே ஏறலாம்.

ஆகவே முதல் சிக்கனம் இங்கேயே இருக்கிறது. கிருமி இருந்தால் அதற்கு மருந்து சாப்பிட்டு, சில வாரம் கழித்து இரத்தத்தை மீண்டும் சோதித்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பலருக்கு இரண்டாவது முறை கணக்கு இறங்கிவிடுகிறது. ஒரே ஒரு இரத்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நகைக்கடை வாசலில் நிற்க வேண்டியதில்லை.

ஊசிச் சோதனை: அன்றும் இன்றும்

புற்றுநோயா இல்லையா என்று திட்டமாகச் சொல்ல, சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதைத்தான் பையாப்சி என்கிறார்கள். ஆசனவாய் வழியாக விரல் பருமனுள்ள கருவியை நுழைத்து, ஒலி அலையால் சுரப்பியைத் திரையில் பார்த்துக்கொண்டே, விசை வைத்த மெல்லிய ஊசியால் சதை எடுப்பார்கள். 1989-இல் அமெரிக்க டாக்டர்கள் ஆறு இடங்களில் முறையாக எடுக்கும் வழியை வகுத்தார்கள். பிறகு அது 10, 12 இடங்களாகக் கூடியது.

இதில் ஒரு குறை உண்டு. ஒலி அலைப் படத்தில் சுரப்பியின் எல்லை தெரியுமே தவிர, புற்று இருக்கும் இடம் பல நேரங்களில் தெரியாது. அரிசி மூட்டையில் குத்தூசியால் பன்னிரண்டு இடத்தில் குத்தி மாதிரி பார்ப்பது போன்றதுதான். புழு இருக்கும் மூலை தப்பிவிடலாம். அல்லது தீங்கில்லாத சின்னப் புற்று அகப்பட்டு, தேவையில்லாத வைத்தியத்தில் கொண்டுபோய் விடலாம்.

இப்போது வந்திருக்கும் வழி, முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துவிடுவது. காந்தத்தின் சக்தியால் எடுக்கும் படம் இது. எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை. படத்தைப் பார்க்கும் டாக்டர் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார். இதற்குப் பைராட்ஸ் என்று பெயர். 1, 2 என்றால் ஆபத்தான புற்று இருக்க வாய்ப்புக் குறைவு. 4, 5 என்றால் சந்தேகம் பலமானது. 3 இரண்டுங்கெட்டான். சந்தேகமான இடம் படத்தில் தெரிந்துவிடுவதால், ஊசியை அந்த இடத்துக்கே செலுத்தலாம்.

படம் பார்த்துக் குத்துவதில் இலாபம் என்ன?

பிரிட்டனில் 576 ஆண்களிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆபத்தான புற்று உள்ளவர்களில் 100-க்கு 93 பேரை ஸ்கேன் காட்டிக்கொடுத்தது. ஸ்கேன் இல்லாத பழைய ஊசிச் சோதனை காட்டியது 48 பேரைத்தான். முதலில் ஸ்கேன் எடுத்திருந்தால் 100-க்கு 27 பேருக்கு ஊசியே தேவைப்பட்டிருக்காது என்றும் கணக்கிட்டார்கள்.

2018-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 11 நாடுகளில் 500 பேரிடம் நடந்தது. ஸ்கேன் வழிகாட்டிய குழுவில் ஆபத்தான புற்று 100-க்கு 38 பேரிடம் அகப்பட்டது. பழைய வழியில் 26 பேரிடம். தீங்கில்லாத சின்னப் புற்று அகப்பட்டதோ 9 பேரிடம். பழைய வழியில் 22 பேரிடம். பிரிட்டிஷ் அரசாங்க மருத்துவ வழிகாட்டிக் குழு, ஸ்கேனை முதலில் எடுக்க வேண்டும் என்று 2019-இல் அறிவுறுத்தியது.

செலவுக் கணக்கு என்று பார்த்தால், ஸ்கேனுக்குக் கொடுக்கும் பணம் சிலருக்கு ஊசிச் செலவையே மிச்சப்படுத்துகிறது. இன்னும் சிலருக்கு, தேவையில்லாத அறுவையையும் அதன் தொல்லைகளையும் மிச்சப்படுத்துகிறது. ஆனால் ஸ்கேனும் எல்லாம் அறிந்த சாமியன்று. சந்தேகம் என்று அது காட்டிய பலரிடம் கடைசியில் ஆபத்தான புற்று இருப்பதில்லை. அதனால்தான் ஊசி இன்னும் தேவைப்படுகிறது.

படத்தையும் ஊசியையும் இணைக்க மூன்று வழிகள் உண்டு. டாக்டரே ஸ்கேன் படத்தை மனத்தில் பதித்துக்கொண்டு குத்துவது முதல் வழி. ஸ்கேன் படத்தையும் ஒலி அலைப் படத்தையும் கம்ப்யூட்டர் ஒன்றாக்கிக் காட்டுவது இரண்டாவது. எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள்ளேயே வைத்துக் குத்துவது மூன்றாவது. முதல் வழிக்குக் கூடுதல் எந்திரம் வேண்டாம். மற்ற இரண்டுக்கும் எந்திரச் செலவு அதிகம். 2019-இல் நெதர்லாந்தில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆபத்தான புற்றைக் கண்டுபிடிப்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே, "எங்களிடம் புதிய எந்திரம் இருக்கிறது" என்ற ஒரே காரணத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. கைதேர்ந்த டாக்டர் செய்கிறாரா என்பதே முக்கியம்.

சாயமருந்து ஏற்றாமல் எடுக்கும் குறுகிய ஸ்கேனும், சாயமருந்து ஏற்றி எடுக்கும் நீண்ட ஸ்கேனுக்கு ஈடாக இருக்கிறது என்று 2025-இல் வெளிவந்த ஆய்வு காட்டியிருக்கிறது. நேரமும் மருந்துச் செலவும் குறைவதால், வருங்காலத்தில் ஸ்கேன் கட்டணம் இறங்க இது வழிசெய்யக்கூடும்.

தனியார் ஆஸ்பத்திரி பில் எப்படி ஏறுகிறது?

தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேனும் ஊசிச் சோதனையும் சேர்ந்தால் செலவு ஆயிரக்கணக்கான வெள்ளியில் போய் நிற்கும். இடத்துக்கு இடம் தொகை மாறும். பில் எந்தெந்தப் பெயரில் ஏறுகிறது என்று தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இராது. டாக்டர் கட்டணம், ஸ்கேன் கட்டணம், படம் படித்துச் சொல்பவர் கட்டணம், சாயமருந்து, சோதனை அறை வாடகை, மயக்க மருந்து டாக்டர், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி, கிருமி மருந்து, சதையைச் சோதிக்கும் லேப் கட்டணம் என்று வரிசையாக வரும். லேப்பில் எத்தனை குப்பியில் சதை அனுப்புகிறார்கள் என்பதைப் பொறுத்தும் தொகை கூடலாம்.

1998-ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவச் சட்டத்தின் கீழ் வந்த 2006 விதிகள், டாக்டர்களின் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. ஊசி, மருந்து, அறை போன்ற ஆஸ்பத்திரிக் கட்டணங்களுக்கு அந்த வரம்பு இல்லை. பில் வீங்குவது பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான். ஆனால், சிகிச்சை தொடங்கும் முன்பே உத்தேசச் செலவைக் கேட்டறியும் உரிமையை அதே விதிகள் நமக்குத் தருகின்றன. கூச்சப்படாமல் கேளுங்கள், தாளில் எழுதி வாங்குங்கள். "இதில் லேப் கட்டணம் சேர்ந்ததா? காய்ச்சல் வந்து திரும்பி வந்தால் அதற்குத் தனிப் பணமா?" என்று கேட்பது குற்றமாகாது.

பக்கத்துத் தோட்டத்தில் ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவருக்கு இந்தச் சோதனை வந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் சொன்ன தொகையைக் கேட்டு, மகளின் கல்யாண நகையை அடகு வைக்கப் புறப்பட்டுவிட்டார்கள். அவருடைய மருமகள் மட்டும், "மாமா, ஸ்கேனை மட்டும் இங்கே எடுப்போம். ஊசியைக் கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்ப்போம்" என்றார். பிள்ளைகள் சேர்ந்து ஸ்கேன் பணத்தைப் போட்டார்கள். அந்தப் படத்தட்டையும் அறிக்கையையும் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஏற்றுக்கொண்டு, ஊசிச் சோதனைக்கு நாள் கொடுத்தார். சிகிச்சை தேவைப்படும் புற்று என்று தெரிந்தது. கதிர் சிகிச்சை முடிந்து இன்று வீட்டில் கோழி வளர்க்கிறார். நகை மகள் கழுத்திலேயே இருக்கிறது.

எல்லா ஆஸ்பத்திரியும் வெளிப்படத்தை ஏற்கும் என்று சொல்வதற்கில்லை. பணம் கட்டும் முன்பே அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

கவர்மெண்டு ஆஸ்பத்திரியில்

குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் சீட்டு 1 வெள்ளி. நிபுணர் டாக்டரைப் பார்க்க 5 வெள்ளி. தனியார் டாக்டரின் கடிதத்தோடு நேரே போனால் முதல் முறை 30 வெள்ளி. ஆகவே அரசாங்கக் கிளினிக் வழியாகக் கடிதம் வாங்கிப் போவதே மலிவு. மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் நாளுக்கு 3 வெள்ளி. அந்த வகுப்பில் ஒருமுறை தங்கியதற்கான பில்லுக்கு 500 வெள்ளி என்று உச்சவரம்பும் உண்டு. 60 வயது நிறைந்தவர்களுக்குச் சலுகை இருக்கிறது. அடையாளக் கார்டைக் காட்டிக் கேளுங்கள்.

சிவப்பு அடையாளக் கார்டு உள்ளவர்களும், பத்திரமே சரியாக இல்லாத நம் மூத்தவர்களும் வேறு கட்டணத்துக்கு ஆளாகலாம். அவர்கள் திரும்பிப் போய்விட வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவச் சமூகநலப் பிரிவு என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. குடும்ப வருமானத்தை விசாரித்துக் கட்டணத்தைக் குறைக்கவோ தள்ளுபடிக்குச் சிபாரிசு செய்யவோ அவர்களால் முடியும். சம்பளச் சீட்டையும் மின்சாரப் பில்லையும் கையில் கொண்டு போங்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவு

கட்டணம் இவ்வளவு குறைவென்றால் நம்மவர்கள் ஏன் போவதில்லை? காரணம் வேறிடத்தில் இருக்கிறது. மாவட்ட ஆஸ்பத்திரியில் இந்த ஸ்கேனும் நிபுணரும் பொதுவாக இருப்பதில்லை. மாநிலத்தின் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரத்தச் சோதனைக்கு ஒரு நாள், நிபுணரைப் பார்க்க ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள், ஊசிக்கு ஒரு நாள், முடிவு கேட்க ஒரு நாள். குறைந்தது ஐந்து நாள்.

2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியானது. 26 வேலை நாளுக்கு வகுத்தால் நாள் ஒன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. அப்பாவுக்குத் துணையாக மகன் ஐந்து நாள் வேலைக்குப் போகாவிட்டால் 326 வெள்ளி 90 காசு போகிறது. இதோடு வாடகைக் கார், சாப்பாடு. ஆஸ்பத்திரிச் சீட்டுக் காசு இதன் பக்கத்தில் ஒன்றுமேயில்லை. இந்தச் செலவைக் குறைக்க வழி பாருங்கள். இரண்டு வேலைகளை ஒரே நாளில் முடிக்க முடியுமா என்று கவுண்டரில் கேளுங்கள். ஸ்கேனுக்கு மகனும், முடிவு கேட்க மகளும் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் போகும் அடுத்த வீட்டாரோடு காரைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஊசிச் சோதனை நாளில் மட்டும் கட்டாயம் துணை வேண்டும்.

நோயாளி இன்னும் வேலையில் இருப்பவரானால், சட்டப்படி சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள். டாக்டரிடம் விடுப்புச் சீட்டு கேட்டு வாங்கிக் கிராணியிடம் கொடுங்கள்.

காத்திருக்கலாமா?

அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். "அதுவரை புற்று வளர்ந்துவிடாதா?" என்று கேட்கிறார்கள். புரோஸ்டேட் புற்று பெரும்பாலும் மெதுவாக வளர்வது. சில வாரம் காத்திருப்பதால் பலருக்குக் கேடு வருவதில்லை. பிரிட்டனில் 1,643 பேரை 15 ஆண்டுகள் கவனித்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை செய்தவர்கள், கதிர் சிகிச்சை பெற்றவர்கள், வெறுமனே கண்காணிக்கப்பட்டவர்கள் எல்லாரையும் சேர்த்து, இந்த நோயால் இறந்தவர்கள் 100-க்கு ஏறத்தாழ 3 பேர்தான். இவர்களெல்லாம் நோயை ஆரம்பத்திலேயே கண்டவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆனால் சில அறிகுறிகள் காத்திருக்க இடம் கொடுக்காதவை. முதுகுவலியோடு கால்கள் பலமிழப்பது, சிறுநீர் அடியோடு நின்றுபோவது, சிறுநீரில் இரத்தம், ஓயாத எலும்பு வலி. கால் பலமிழந்தாலோ சிறுநீர் நின்றுபோனாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இரத்தக் கணக்கு மிக உயர்ந்து, நோய் பரவியது தெளிவாகத் தெரிந்தவர்களுக்குப் பல நேரங்களில் புரோஸ்டேட் எம்.ஆர்.ஐ. தேவைப்படுவதில்லை, சில துண்டுச் சதையே போதும். அதற்காக விலை உயர்ந்த ஸ்கேனைத் தேடி நாளைக் கடத்தக் கூடாது.

எங்கள் பக்கம் ஒருவர், "பணம் சேரட்டும், பார்க்கலாம்" என்று இரண்டு தீபாவளியைத் தள்ளினார். கடைசியில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து தூக்கிக்கொண்டுதான் போனார்கள். அவர் பயந்த பணத்தை யாரும் அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள். அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிச் சீட்டு எடுத்திருந்தால் போதும்.

ஊசிக்கு முன்னும் பின்னும்

இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், நீரிழிவுக்காரர்கள், இதயத்தில் கருவி வைத்தவர்கள், உடம்பில் இரும்பு உள்ளவர்கள் எல்லாவற்றையும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது. ஊசிக்குப் பிறகு சிறுநீரிலும் மலத்திலும் சில நாள் இரத்தம் தெரியலாம். விந்தில் சில வாரம்கூடத் தெரியலாம். பயப்பட வேண்டாம். ஆனால் குளிர்க்காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் படுத்துவிடாதீர்கள். கிருமி இரத்தத்தில் கலந்திருக்கலாம்; அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆசனவாய் வழியாகச் செல்லாமல், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவேயுள்ள தோல் வழியாக ஊசி செலுத்தும் முறையில் இந்த ஆபத்துக் குறைவு. அந்த வசதி உண்டா என்று கேட்கலாம்.

"ஊசி குத்தினால் புற்று பரவிவிடும்" என்ற பேச்சு தோட்டத்தில் உலவுகிறது. இந்தச் சோதனையில் அப்படி நேர்வது மிக மிக அரிது. சோதிக்காமல் விட்டுப் பரவியதுதான் அதிகம்.

உதவி எங்கே கிடைக்கும்?

அரசாங்கத்தின் ரஹ்மா உதவித்தொகை பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக, 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம் இருக்கிறது. புற்றுநோய் என்று உறுதியாகி அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறுவோருக்கு மொத்தம் 1,000 வெள்ளி ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை போக்குவரத்துத் தொகையும் உண்டு. சிகிச்சை தொடங்கும் முன்பே ஆஸ்பத்திரியில் பாரத்தைக் கேளுங்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து, தமக்கு மட்டுமின்றித் தாய் தந்தையரின் கடுமையான நோய்ச் சிகிச்சைக்கும் பிள்ளைகள் பணம் எடுக்கலாம். 55 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2024 மே மாதம் முதல் எந்தக் காரியத்துக்கும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கும் வந்திருக்கிறது. வட்டிக்காரனிடம் போகும் முன் இவற்றை விசாரியுங்கள்.

தாய்மார்களே! உங்கள் வீட்டு ஆண்களுக்கு 50 வயது ஆகிவிட்டதா? தகப்பனாருக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்திருந்தால் 45 வயதிலேயே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். அவர் வெட்கப்பட்டால் நீங்கள் கூடப் போங்கள். கடிதம் புரியவில்லையா? டிரெசரிடம் காட்டுங்கள், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு மட்டும் இருந்துவிடாதீர்கள்.